உயிரியல் ஆய்வுரை கேட்கப் போகுமுன்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையோரம் இருக்கும் சிட்டூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. பாலக்காட்டுக் கல்லூரிகளில் விலங்கியல், தாவரவியல் ஆய்வுரைகள் நடந்தால் கட்டாயம் போங்கள். வெளியாட்களை அனுமதிப்பார்களா என்று துறைக்கு முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைப்பில் உள்ள உயிரியைப் பற்றி அரை மணி நேரம் படித்துவிட்டுப் போனால், ஆங்கில உரை கூடப் பிடிபடும். உதாரணத்துக்கு ஷோலாகிளி என்ற சின்ன நீலப் பறவை. நீலகிரியில் இருப்பது ஓர் இனம், ஆனைமலையில் இருப்பது வேறோர் இனம். நடுவே நாம் பஸ்ஸில் சாதாரணமாகக் கடக்கும் பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலம். உயர்ந்த மலைகளின் குளிர்ந்த சோலைக்காட்டில் வாழும் பறவைக்கு அந்த வெக்கைச் சமவெளி பெரிய தடை. இது தெரிந்திருந்தால் மரபணு வரைபடம் திரையில் வந்ததும் கண் தானாக அந்தக் கணவாய்க்குப் போகும்.

கேள்வி நேரத்தில் தமிழிலேயே கேளுங்கள், நம் எல்லையில் அது புரியும். "மாதிரிகளை எங்கே, எந்தப் பருவத்தில் எடுத்தீர்கள்?" என்பதுதான் என் கணக்கில் முதல் கேள்வி. 2003இல் அறிவியலுக்கு அறிமுகமான ஊதாத் தவளை ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடக்கும். தவறான பருவத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?