விரியும் முனையா, விரியாத முனையா? மான் வேட்டை அம்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு பீண்யாவில் எனக்கு டூல் கிரைண்டிங் பட்டறை. வாரம் முழுவதும் டிரில் பிட் தீட்டுகிறேன். ஞாயிறு காலை ஹெசரகட்டா பக்கம் ஒரு திடலில் காம்பவுண்ட் வில், அதாவது இரு முனையிலும் உருளை வைத்த நவீன வில், பிடிக்கிறேன். அங்கே வருபவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். அவர்களில் சிலர் வேலை நிமித்தம் அமெரிக்கா போகிறார்கள். போன முதல் இலையுதிர்காலத்தில் போன் வருகிறது: "அண்ணா, இங்கே மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டேன். பிராட்ஹெட், அதுதான் வேட்டை அம்பு முனை, எதை வாங்கட்டும்?"

முதலில் இந்தப் பக்கத்துக் கதையை முடித்துவிடுகிறேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டைக்கு இடம் தரவில்லை. பன்னேர்கட்டா பூங்காவில் வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பதோடு சரி. "தோட்டத்துக்கு வரும் காட்டுப்பன்றி மேல் ஒரு தடவை பார்க்கலாமே" என்று திடலில் ஒருவர் கேட்டார். அவரை டீ வாங்கி வர அனுப்பிவிட்டேன். இனி எழுதுவதெல்லாம் வேட்டைக்கு உரிமம் தருகிற ஊர்களில் இருப்பவர்களுக்கு மட்டும்.

பிராட்ஹெட் என்பது அம்பு நுனியில் திருகுகிற, பிளேடு வைத்த முனை. ஒரு வகையில் பிளேடுகள் எப்போதும் வெளியே நிற்கும். வெட்டும் அகலம் பெரும்பாலும் 1 முதல் 1¼ அங்குலம். மற்றதில் பிளேடுகள் பறக்கும்போது மடங்கியிருந்து, பட்டவுடன் விரியும். 1½ முதல் 2 அங்குலம், அதற்கு மேலும் உண்டு. கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் இரண்டாவதன் மேல்தான் போகும்.

என் அக்கா மகன் விஸ்கான்சினில் இருக்கிறான். போன ஆண்டு ஆறு வாரம் அங்கே தங்கியிருந்தேன். அவனும் விரியும் முனைதான் வாங்கி வைத்திருந்தான். காரணம் கேட்டேன். "மாமா, விரியாத முனை போட்டால் நாலு விரல் இடப்பக்கம் போகிறது. இது பிளேடு இல்லாத பயிற்சி முனை போலவே நேராகப் போகிறது" என்றான்.

நான் பார்த்தவரை எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். வில்லில் இருக்கும் கோளாறை மறைக்க முனையை மாற்றுவது.

அம்பின் பின்னால் இறகு ஏன் வைக்கிறோம்? வால் காற்றைப் பிடித்து அம்பை நேராக்கும். முன்னால் அகலமான பிளேடு நின்றால் அதுவும் ஒரு இறகுதான், இடம் மாறி உட்கார்ந்த இறகு. வில்லிலிருந்து அம்பு நேராகக் கிளம்பினால் இரண்டுக்கும் சண்டை இல்லை. கொஞ்சம் கோணலாகக் கிளம்பினாலும் முன் இறகு ஒரு பக்கம் இழுக்கிறது. பயிற்சி முனையில் அந்த இழுப்பு இல்லாததால் கோணல் தெரிவதில்லை. விரியும் முனையிலும் தெரிவதில்லை. தெரியவில்லையே தவிர, கோணல் அங்கேயேதான் இருக்கிறது. கோணலாகப் போய்ப் படும் அம்பு தன் விசையைப் பக்கவாட்டில் கொட்டிவிடுகிறது, ஆழமாக இறங்குவதில்லை.

ஆக, விரியாத முனை இடப்பக்கம் போனது அதன் குற்றம் இல்லை. அது உண்மையைச் சொன்னது. அவன் வில்லை வாங்கி, ஆறடி தூரத்தில் ஒரு சட்டத்தில் காகிதத்தை விறைப்பாகக் கட்டி, அதன் ஊடாக அம்பு விட்டேன். கிழிசல் வட்டமாக வர வேண்டும், பக்கவாட்டில் நீண்டு வந்தது. அம்பு தங்கும் ரெஸ்ட்டை வலப்பக்கமாக 1/32 அங்குலம் நகர்த்தினோம். அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பிராட்ஹெட் எந்தப் பக்கம் விலகுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்துவதுதான் கணக்கு. மூன்று முறை நகர்த்தியதில், 30 கெஜத்தில் விரியாத முனை பயிற்சி அம்பை ஒட்டி விழுந்து, அதன் இறகு ஒன்றைச் சீவி எறிந்தது. புது இறகு ஒட்டும்போது கொஞ்சம் முனகினான், ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

அதற்கு முன் இன்னொன்றும் செய்தோம். முனை திருகிய அம்பை இரண்டு உருளைகளின் மேல் வைத்துச் சுழற்றிப் பார்த்தோம். பீண்யாவாக இருந்தால் டயல் கேஜ் என்ற அளவுகருவியை வைத்து, சுழலும்போது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்திருப்பேன். அங்கே கண்தான் கேஜ். ஆறில் ஒன்று நுனியில் பம்பரம் சாயும்போது ஆடுவதுபோல ஆடியது. அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டோம்.

அடுத்த தவறு, வெட்டும் அகலத்தை மட்டும் பார்த்து வாங்குவது. அவன் மனைவியின் வில் 45 பவுண்டு இழுவிசை. அவளுக்கும் 2 அங்குல முனையே வாங்கியிருந்தான். கணக்குப் போட்டுக் காட்டினேன். அம்பின் எடையை கிரெயின் என்ற சிறு எடை அலகிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துக்கொண்டு, எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் ஆற்றல் வரும். அவன் அம்பு 400 கிரெயின், வேகம் 260 அடி: ஏறக்குறைய 60 அடி-பவுண்டு. அவளுடையது அதே எடை, 200 அடி: 35 சொச்சம். பிளேடு விரியவே கொஞ்சம் ஆற்றல் செலவாகும். விரிந்த அகலம் சதைக்குள் போக இன்னும் கேட்கும். பட்டறையில் சிறிய மோட்டாரில் பெரிய கட்டரைப் பூட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு 1 அங்குலத்தை ஒட்டிய, விரியாத, கூரான முனைதான் சரி.

மரத்தில் கட்டிய மேடையிலிருந்து எய்பவர்களுக்கு ஆழம் இன்னும் முக்கியம். அம்பு மேலே நுழைகிறது. கீழ்ப்பக்கம் வெளியேறவில்லை என்றால் இரத்தம் உள்ளேயே தங்கி, மான் போன தடம் தரையில் கிடைக்காது. அகலமான ஒரு துளையைவிட, சிறியதானாலும் இரண்டு துளைகள் மேல் என்பேன். தோள் எலும்பில் பட்டாலும், விலா வழியாகச் சாய்வாகப் போனாலும் விரியும் முனைக்குத்தான் சங்கடம் அதிகம். நல்ல விசையுள்ள வில், மான் சரியாகப் பக்கவாட்டில் நிற்கிறது என்றால் விரியும் முனை போடும் பெரிய காயம் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். அதை மறுக்கவில்லை.

எடையை மாற்றுவதிலும் ஏமாறுகிறார்கள். 100, 125 கிரெயின் முனைகள்தான் அதிகம் விற்பனையாகின்றன. வித்தியாசம் ஒன்றரை கிராம் சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் நுனி கனத்தால் அம்பு கிளம்பும்போது கூடுதலாக வளைகிறது. பயிற்சி 100இல், வேட்டை 125இல் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

விரியும் முனையைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே காட்டுக்குக் கொண்டுபோவதும் உண்டு. பிளேடுகளைப் பிடித்து வைப்பது சிறு ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் கழுத்துப்பட்டையோதான். ரப்பர் காய்ந்தால் கிளம்பும்போதே திறந்துகொள்ளும். சீசனுக்குச் சீசன் மாற்ற வேண்டும், ஒரு முனையையாவது எய்து பார்க்க வேண்டும். ஆனால் எய்து பார்த்ததையே திரும்பக் காட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, பிளேடு மழுங்கியிருக்கும். எய்து பார்க்க ஃபோம் இலக்கு வேண்டும். துணி மூட்டை இலக்கில் விட்டால் மூட்டை கிழிந்துவிடும். அக்கா மகன் வீட்டு கராஜில் பஞ்சு பறந்த கதை தனி.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஐடஹோவும் ஆரிகனும் நெடுங்காலம் விரியும் முனையை அனுமதிக்கவில்லை. வெட்டும் அகலம் 7/8 அங்குலத்துக்கு, அதாவது 22 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று பல இடங்களில் இருக்கிறது. வாங்குவதற்கு முன் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் புரட்டுங்கள்.

முனையைக் கையால் திருகாதீர்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் சாவி வரும். அக்கா மகன் அதை எங்கேயோ தொலைத்துவிட்டுக் கட்டைவிரலால் திருகினான். மான் தப்பிவிட்டது, விரலுக்கு மூன்று தையல். "மாமா, அம்மாவிடம் காய் நறுக்கும்போது என்று சொல்லிவிடுங்கள்" என்றான். அவன் காய் நறுக்கி அக்கா பார்த்ததே இல்லை.