ஜோடியாக நெடும்பயணம்: திட்டமிடும்போதே நடக்கும் தவறுகள்

கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லுமா, காப்பீடு எடுத்தீர்களா என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முதுகுப்பையோடு சில மாதங்கள் வெளிநாடு சுற்றப் போகிறோம் என்று புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் என்னிடம் பாதை கேட்டு வரும் ஜோடிகள், எங்கள் காலத்தில் நாங்கள் முட்டிக்கொண்ட அதே நிலைவாசலில்தான் தலையை முட்டிக்கொள்கிறார்கள்.

ஒருமுறை நுழைவு விசா

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. புதுச்சேரியில் ஒரே வீட்டில் இரு நாட்டுக் கடவுச்சீட்டு இருப்பது புதிதல்ல. எனக்குத் தெரிந்த தம்பதியில் கணவர் பிரெஞ்சுக் குடிமகன், மனைவி இந்தியக் குடிமகள். அவர்கள் போட்ட திட்டம் இது: வியட்நாமில் ஹனோயில் இறங்கி, ஹுவே, ஹோய் ஆன் பார்த்துவிட்டு, ஹோ சி மின் நகரிலிருந்து பஸ்ஸில் கம்போடியா போவது. அங்கோர் வாட் முடிந்ததும் சியெம் ரீப்பிலிருந்து மறுபடி ஹோ சி மின் நகருக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து ஊர் திரும்புவது. திட்டம் என்னவோ அழகுதான். ஆனால் அதைப் போட்டவர் கணவர். பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமில் 45 நாள் வரை விசா இல்லாமலே தங்கலாம். அவருக்கு எல்லை என்றால் முத்திரை குத்தும் இடம், அவ்வளவுதான். மனைவிக்கு இ-விசா எடுக்கும்போது ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர் என்று காட்டியது. எப்படியும் 90 நாள் கிடைக்கிறதே என்று 25 டாலரோடு முடித்துவிட்டார்.

தாளில் 90 நாள் என்று இருந்தாலும், கம்போடியாவுக்குள் கால் வைத்ததுமே அந்த விசா தீர்ந்துபோனது. அது சியெம் ரீப் விமான நிலையத்தில்தான் தெரியவந்தது. கவுன்டரில் இருந்த பெண் ‘சிங்கிள் என்ட்ரி’ என்ற வரியில் பேனா முனையை வைத்துக் காட்டினாராம். கணவருக்கு போர்டிங் பாஸ் தயார், மனைவிக்குக் கிடையாது. அன்று வெள்ளிக்கிழமை. புது இ-விசாவுக்கு மூன்று வேலை நாள் ஆகும். அந்த விமானமும் போயிற்று, ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டுகளும் போயின. இத்தனையும் 25 டாலர் மிச்சம் பிடித்ததற்கு!

பாரிஸில் உறவினர் இருக்கும் குடும்பங்களும் இதையேதான் செய்கின்றன. பாரிஸில் இறங்கி, நடுவில் லண்டன் போய், திரும்பவும் பாரிஸ். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன்; பிரிட்டன் அதில் இல்லை. ஒருமுறை நுழைவு விசா லண்டன் ரயிலில் ஏறியதோடு சரி. இத்தனைக்கும் ஷெங்கனில் இரண்டுக்கும் கட்டணம் ஒன்றுதான். விண்ணப்பத்திலேயே லண்டன் பயணத்தைக் காட்டிப் பலமுறை நுழைவு கேளுங்கள். விசா கைக்கு வந்ததும் நுழைவு எண்ணிக்கை 1 என்று இருக்கிறதா, ‘மல்ட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

போகும் நாடுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால், அங்கேயே நிறுத்தி விசாவைப் பாருங்கள். பாதையைப் போடும் வேலையை, விசா அதிகம் தேவைப்படுகிறவரிடம் விடுங்கள்.

மழை

ஐப்பசியில் இங்கே ஒரே மழை, அதனால் வியட்நாம் போகிறோம் என்கிறார்கள் கடலூர்க்காரர்கள். வடகிழக்குப் பருவமழையை நமக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்துவிடவில்லை. அக்டோபர், நவம்பரில்தான் ஹுவேயிலும் ஹோய் ஆனிலும் வெள்ளம் வருகிறது. தாய்லாந்தின் கிழக்கே கோ சாமுய் தீவும் அப்போதுதான் நனைகிறது. அதே தாய்லாந்தின் மேற்குக் கரையில், புக்கெட் பக்கம், மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. எந்த நாடு என்பதோடு எந்தக் கரை என்பதையும் பாருங்கள்.

பணம் முழுவதும் ஒருவர் கார்டில்

கூடாது.

எல்லா இரவுக்கும் அறை முன்பதிவு

முதல் மூன்று இரவு போதும். எப்படியும் ஒரு சண்டை வரும். அப்போது ஊரை மாற்றிக்கொள்ள இடம் வேண்டும்.

பையைச் சுமந்து பார்க்காமல் கிளம்புவது

நிறைத்த பையோடு இருவரும் மாலை நான்கு மணி வெயிலில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஒரு மணி நேரம் நடங்கள். வார் எந்தத் தோளில் அறுக்கிறது, யார் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போகிறார், யார் வலியைச் சொல்லாமல் முகத்தைத் தூக்கிக்கொள்கிறார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். ஆசியாவின் மலிவுக் கட்டண விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோதான் கணக்கு. வீட்டுக்கு வந்ததும் பைகளை மாற்றிக்கொண்டு, அவர் பையிலிருந்து இவரும் இவர் பையிலிருந்து அவரும் வேண்டாததை வெளியே எடுத்து வையுங்கள். இட்லிப்பொடியில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.