ஜப்பானில் குழந்தைகளோடு ஹோட்டலில் சாப்பிடுவது எப்படி? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு செய்முறை

டோக்கியோவுக்கு வந்த இரண்டாவது வாரம். மூத்தவளுக்கு மூன்று வயது, சின்னவன் ஸ்ட்ரோலரில். பசி தாங்காமல் ஸ்டேஷன் பக்கத்தில் கண்ணில் பட்ட ஒரு ராமென் நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தோம். மொத்தமே எட்டு ஸ்டூல், எல்லாம் பெரியவர்களுக்கான உயரம். வாசலில் டிக்கெட் மெஷின், அதில் ஒரு எழுத்தும் புரியவில்லை. ஸ்ட்ரோலரை மடித்து வைக்கக்கூட இடமில்லை. கடைக்காரர் திட்டவில்லை, குனிந்து குனிந்து மன்னிப்புத்தான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் கன்வீனியன்ஸ் ஸ்டோர் வாழைப்பழத்தைப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பிள்ளைகளை அடக்கி உட்கார வைப்பது பற்றி யோசிக்கும் முன், கடையைச் சரியாகப் பிடியுங்கள். இங்கே முக்கால்வாசி வேலை அதுதான்.

படி 1: ‘ஃபமிரெஸு’வில் தொடங்குங்கள்

ஃபேமிலி ரெஸ்டாரன்ட் என்பதைத்தான் இங்கே சுருக்கி ஃபமிரெஸு என்கிறார்கள். சைஸெரியா, கஸ்டோ, டென்னிஸ், ராயல் ஹோஸ்ட் எல்லாம் இந்த வகை. குழந்தை நாற்காலி இருக்கும், சோபா இருக்கை இருக்கும், பக்கத்து மேஜையிலும் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும். இந்த மூன்றாவதுதான் பெரிய நிம்மதி.

கஸ்டோவில் பூனை முகம் வைத்த ரோபோ தட்டைச் சுமந்துகொண்டு வரும். அது வந்து போவதை வேடிக்கை பார்ப்பதிலேயே எங்கள் வீட்டில் அரை மணி நேரம் ஓடிவிடும். சைஸெரியாவில் குழந்தைகள் மெனுவில் இரண்டு படங்களுக்கு இடையே பத்து வித்தியாசம் கண்டுபிடிக்கும் புதிர் உண்டு. குழந்தைகளுக்கானது என்று நம்பி ஏமாறாதீர்கள். நானும் மனைவியும் சேர்ந்தும் ஒன்பதைத் தாண்டியதில்லை. ஆர்டர் செய்வதும் அங்கே சுலபம். போனில் QR-ஐ ஸ்கேன் செய்து, மெனுவில் போட்டிருக்கும் குறியீட்டைத் தட்டினால் போதும்.

இஸகாயா எனப்படும் குடிக்கும் கடைகளைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள். 2020 ஏப்ரல் முதல் உணவகங்களுக்குள் புகைபிடிக்கத் தடை என்றாலும் பழைய சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. புகைக்க அனுமதி உள்ள இடத்துக்குள் 20 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நுழையக் கூடாது.

படி 2: பன்னிரண்டு மணிக்குப் போகாதீர்கள்

பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை ஆபீஸ் கூட்டம். மதியம் பதினொன்றரைக்குள், இரவு ஐந்தரைக்கே போய்விடுங்கள். ஐந்தரைக்கு என்ன சாப்பாடு என்று ஊரில் அம்மா கேட்பார், கேட்கட்டும்.

படி 3: வாசலில் பெயர் எழுதுங்கள்

கூட்டம் இருந்தால் வாசலில் ஒரு தாளோ தொடுதிரையோ இருக்கும். பெயர், பெரியவர் எத்தனை, குழந்தை எத்தனை என்று பதிய வேண்டும். முழுப் பெயரை எழுதாதீர்கள், கூப்பிடுகிறவர் பாவம். நான் குமார் என்பதை ‘குமா’ என்று சுருக்கி எழுதினேன். “குமா சாமா!” என்று கூப்பிட்டதும் சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தன. ஜப்பானிய மொழியில் குமா என்றால் கரடி. இன்றுவரை கரடியார் என்ற பெயரில்தான் காத்திருக்கிறேன்.

படி 4: உட்கார்ந்ததும் நான்கு சொற்கள்

“சுமிமாசென்” (கொஞ்சம் இங்கே வாங்க), “கொதொமோ இசு” (குழந்தை நாற்காலி), “தொரிசரா” (பங்கிட்டுக் கொடுக்கச் சின்னத் தட்டு), “கோரி நஷி” (ஐஸ் வேண்டாம்). கடைசிச் சொல் முக்கியம். ஜனவரிக் குளிரிலும் ஐஸ் போட்ட தண்ணீரைத்தான் வைப்பார்கள். வெந்நீர் வேண்டுமென்றால் “ஒயு”. மேஜையில் அழைப்பு பட்டன் இருந்தால் சொல்லே வேண்டாம். ஆனால் சின்னவன் கைக்கு எட்டாத இடத்துக்கு அதை முதலில் நகர்த்துங்கள்.

படி 5: தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நம் வீடுகளுக்கு இதுதான் தலைவலி. குழந்தைகளுக்கான ‘ஒகோசாமா ரஞ்சி’ பார்க்க அழகாக இருக்கும். 1930இல் நிஹோன்பாஷி மிட்சுகோஷி கடையில் பிறந்த வழக்கம் இது. சோற்றுக் குன்றின் மேல் குட்டிக் கொடி குத்தி வைப்பார்கள். அந்தக் கொடிக்காகவே என் மகள் அதைக் கேட்பாள். ஆனால் அதில் வரும் ஹம்பாகு (கொத்திறைச்சியைத் தட்டிச் சுட்டது) பெரும்பாலும் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கலந்தது. சிவப்புச் சோற்றில் கோழி இருக்கலாம். கடைக் கறி மசாலாவில் விலங்குக் கொழுப்பு சேர்ப்பதும் சாதாரணம்.

“கியூனிகு ஹைத்தே இமாஸ்கா?” என்றால் மாட்டிறைச்சி இருக்கிறதா என்று அர்த்தம். பன்றிக்கு ‘புதானிகு’. சைவம் என்றால் இந்தக் கேள்வி போதாது. ‘தாஷி’ என்ற மீன் சாறு உதோன் நூடுல்ஸ் குழம்பில், மிசோ சூப்பில், சில இடங்களில் முட்டைப் பணியாரத்தில்கூட இருக்கும். வெள்ளைச் சோறு, எதாமாமே (வேகவைத்த பச்சை சோயா), உருளைக்கிழங்கு வறுவல், வெள்ளரிக்காய் வைத்த கப்பாமாக்கி சுஷி என்று ஒப்பேற்றலாம். கோகோ இச்சிபான்யா என்ற கறிக்குழம்புச் சோற்றுக் கடையின் பல கிளைகளில் சைவக் கறி தனியாக உண்டு, அதுவே எங்கள் அவசரக்காலத் துணை.

ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் பெரிய சங்கிலிக் கடைகளின் ஒவ்வாமை அட்டவணையைப் போகும் முன்பே தளத்தில் பார்த்துவிடுங்கள். பாக்கெட் உணவில் எழுதியே ஆக வேண்டியவை என்று முட்டை, பால், கோதுமை, சோபா (பக்வீட் தானியம்), வேர்க்கடலை, இறால், நண்டு, வால்நட் போன்றவை இருக்கின்றன. உணவகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் சின்னக் கடைகளில் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கைக்குழந்தைக்கு வீட்டிலிருந்து குழைந்த பருப்புச் சாதம் கொண்டுபோகலாமா? குழந்தை உணவை அநேகமாக அனுமதிப்பார்கள், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டப்பாவைத் திறங்கள்.

படி 6: சுழலும் சுஷிக் கடை

ஃபமிரெஸு பழகியபின் இதற்கு வாருங்கள். சுஷிரோ, குரா சுஷி போன்ற இடங்களில் வாசாபி என்ற காரமான பச்சை விழுதைத் தனியாகத்தான் தருவார்கள், குழந்தைக்குப் பயமில்லை. குரா சுஷியில் காலித் தட்டைத் துளைக்குள் போட வேண்டும். ஐந்து தட்டுக்கு ஒருமுறை திரையில் விளையாட்டு வரும், ஜெயித்தால் ஒரு குட்டிப் பொம்மை. நான்காவது தட்டில் வயிறு நிறைந்த பிள்ளைக்காக ஐந்தாவதை அப்பா சாப்பிடுவது எழுதப்படாத விதி.

ஒரே ஒரு எச்சரிக்கை. மேஜையிலேயே ஒரு குழாய் இருக்கும், அதில் கறுப்பு பட்டனைக் கோப்பையால் அழுத்தினால் கொதிக்கும் வெந்நீர் வரும், கிரீன் டீ கலக்க. என் மகள் அதைக் கை கழுவும் குழாய் என்று நினைத்து விரலை நீட்டினாள். மனைவி கையைத் தட்டிவிட்டதால் தப்பித்தோம். குழாய்ப் பக்கம் எப்போதும் பெரியவர்தான் உட்கார வேண்டும்.

படி 7: அழ ஆரம்பித்தால்

தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அதனாலேயே நாமாக எழுந்துவிடுவது நல்லது. கிளம்பும் முன் தரையில் சிந்திய சோற்றுப் பருக்கையை டிஷ்யூவில் பொறுக்கிவிடுங்கள்.

படி 8: காசு

மேஜையில் இருக்கும் பில்லை எடுத்துக்கொண்டு வாசல் கவுன்டரில் கட்டுங்கள். “கொச்சிசோசாமா” என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள், நன்றாகச் சாப்பிட்டோம் என்று அர்த்தம். டிப்ஸ் கிடையாது. நான் முதல் தடவை மேஜையில் நூறு யென் வைத்துவிட்டு வந்தேன். மறந்துவிட்டேன் என்று நினைத்து, ஏப்ரனோடு ஒரு பெண் சிக்னல்வரை ஓடி வந்து கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.