நர்சம்மா வீட்டுக்கு வரும்போது தலைப்பிரசவத் தாய்மார் செய்யும் தவறுகள்

நர்சம்மா, அதாவது வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து பதில் வந்துவிடும்: "எல்லாம் நல்லா இருக்குங்க." பாலக்கோடு பக்கம் என் அம்மா வீட்டில் எனக்கு நடந்ததும் இதுதான். குழந்தை பிறந்து ஏழாம் நாள். காம்பு வெடித்து, பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நர்சம்மா கேட்டார், பெரியம்மா பதில் சொன்னார், நான் தலையை ஆட்டினேன். எடை பார்த்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். இன்னும் ஒரு வாரம் அதே வலி. பதினான்காம் நாள் வந்தபோது அழுதேவிட்டேன். குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறது, சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தார். இரண்டே நாளில் வலி அடங்கியது.

அதனால் முதல் தவறு, நர்சம்மாவை விருந்தாளி போலவோ அதிகாரி போலவோ நடத்தி அனுப்பிவிடுவது. நம் பக்கத்துப் பெரியவர்களின் தயக்கத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. பெண் சிசுக்கொலைக்காக தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தின் பெயர் அடிபட்ட காலம் ஒன்று இருந்தது. வளர்க்க விரும்பாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்து 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரியோடு சேர்ந்திருந்தது, தனி மாவட்டம் ஆகவில்லை. சுகாதாரத் துறை ஆள் வந்தால் விசாரிக்க வருகிறார் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு மனதில் தங்கிவிட்டது. இன்று அவர் வருவது உங்களுக்குக் கைகொடுக்கத்தான். வந்ததும், "அக்கா, நான் பால் கொடுக்கிறேன், கொஞ்சம் பாருங்க" என்று கேளுங்கள். மாமியாரோ அம்மாவோ பேசி முடித்த பிறகு, இரண்டு நிமிடம் தனியாகப் பேசவும் கேளுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள், எந்த மொழியில் வலியைச் சொல்ல வருமோ அதிலேயே சொல்லலாம்.

அடுத்த தவறு முகவரி. கர்ப்பம் பதிவானது கணவர் ஊரில், வளைகாப்பு முடிந்து வந்து சேர்ந்தது அம்மா வீட்டில். அம்மா ஊர் நர்சம்மாவுக்கு இப்படி ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்திருப்பதே தெரியாது. கணவர் ஊரில் உள்ளவர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் வந்து பார்க்க வேண்டும் என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் முறை. வீட்டிலேயே பிறந்திருந்தால் முதல் நாளும் உண்டு. இதில் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தவறிப்போனால் இழப்பு பெரிது. எனவே அம்மா ஊருக்குப் போன வாரமே துணை சுகாதார நிலையத்துக்குப் போய், தாய் சேய் நல அட்டையையும் பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்) காட்டிச் சொல்லிவிடுங்கள். பெங்களூரில் வேலை செய்துகொண்டு பிரசவத்துக்கு ஊர் திரும்புகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

எடையைப் பார்த்துப் பதறுவதையும் சொல்ல வேண்டும். 2.8 கிலோவில் பிறந்த குழந்தை மூன்றாம் நாள் 2.6 கிலோ காட்டினால், "பால் பத்தலை" என்று சாயங்காலமே பவுடர் டப்பா வந்துவிடுகிறது. முதல் சில நாட்களில் குழந்தை கொஞ்சம் இளைப்பது இயல்பு. பத்து சதவீதத்துக்கு மேல் இளைக்கவில்லை என்றால், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடித்துவிடும். ஒரு வாரம் ஆன குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று பொருள். டப்பா வாங்கும் முன் நர்சம்மாவிடம் அடுத்த எடையைப் பார்க்கச் சொல்லுங்கள். பவுடர் பால் உள்ளே போகப் போக குழந்தை மார்பில் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும்.

கைவைத்தியத்தை மறைப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. பிறந்ததும் நாக்கில் இனிப்பு தடவிச் சேனை வைத்திருப்பார்கள், தெருவில் வந்த கழுதைப்பாலைச் சங்கில் ஊற்றியிருப்பார்கள், தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ தடவியிருப்பார்கள், மூக்கில் விளக்கெண்ணெய் விட்டிருப்பார்கள். நர்சம்மா கேட்டால் "ஒண்ணும் தரலைங்க" என்பார்கள். நம் பாட்டிமார் அன்பில் செய்ததுதான், அதற்காக யாரையும் அவமானப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூட வேண்டாம். காய்ச்சாத பாலில் கிருமி இருக்கும். தொப்புளில் எதுவும் தடவாமல் காய விட வேண்டும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போகலாம். நாளைக்குக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், என்ன கொடுத்தீர்கள் என்று தெரிந்தால்தான் சரியான வழி சொல்ல முடியும். பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்து நர்சம்மாவைப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் சண்டை, அவர் சொன்னால் கேட்பார்கள்.

நர்சம்மா நாளைக்கு வருவார், அவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பது சில நேரம் உயிருக்கே ஆபத்து. குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, உள்ளங்காலும் உள்ளங்கையும் மஞ்சளாகத் தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். காலை வெயிலில் காட்டினால் காமாலை போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற இடங்களில் இருந்து கீழே இறங்கவே நேரம் ஆகும், அதனால் இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தாய்க்கும் அப்படித்தான்: ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனையும் அளவு ரத்தப்போக்கு, தீராத தலைவலியோடு கண் மங்கல், காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு. இவற்றில் எது வந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்.

அப்புறம், குழந்தையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உங்களைப் பற்றிப் பேசாமல் விடுவது. பத்தியம் என்ற பெயரில் கீரை வேண்டாம், தண்ணீர் அதிகம் வேண்டாம் என்று ரசம் சோறு மட்டும் வைப்பார்கள். ரத்தம் இழந்து பாலும் கொடுக்கிற உடம்பு அது. களியும் முருங்கைக்கீரையும் முட்டையும் பருப்பும் தாராளமாகச் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்தோடு முடிந்துவிடுவதில்லை, அதற்குப் பிறகும் 180 நாள் போட வேண்டும். கறுப்பாக மலம் போகிறது, வயிறு பிசைகிறது என்று நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது போன்ற வழி இருக்கிறது. முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் மனசு இருண்டே கிடந்தால், குழந்தையைத் தூக்கவே தோன்றவில்லை என்றால், அது நோய். "பிள்ளையைப் பெத்துட்டு அழுவாங்களா" என்று யார் சொன்னாலும் நர்சம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-லும் பேசலாம்.

நாற்பத்திரண்டாம் நாள் வருகையை ஒட்டித்தான் ஆறு வாரத் தடுப்பூசியும் வருகிறது. பல வீடுகளில் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் ஊருக்குத் திரும்புவார்கள். பத்து மற்றும் பதினான்கு வாரத் தடுப்பூசிகள் இந்த இடைவெளியில்தான் விட்டுப்போகின்றன. கிளம்புவதற்கு முன் அம்மா ஊர் நர்சம்மாவிடம் அட்டையில் போட்ட தேதிகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கணவர் ஊர் போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ளவரிடம் காட்டுங்கள். அட்டையைப் பெட்டியின் அடியில் வைக்காமல், குழந்தையின் துணிப்பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.