அடகுக்கடையில் பழம்பொருளுக்குப் பேரம் பேசும் முறை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டார அடகுக்கடைகளின் கண்ணாடிப் பேழைகளைத் தங்க நகைகளும் கைக்கடிகாரங்களுமே பெரும்பாலும் நிறைத்திருந்தாலும், அவற்றினிடையே எப்போதாவது பெரானக்கான் எனும் மலாய்ப் பண்பாடு கலந்த சீன வழிவந்த சமூகத்தினரின் கெரோசாங்கோ (சட்டையில் குத்தும் அணி ஊசி), சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவைப் பிரிட்டன் ஆண்ட நீரிணைக் குடியேற்றக் காலத்து வெள்ளி டாலரோ தென்படுவதுண்டு.

அத்தகைய பொருளுக்கு விலை கேட்கும் முன்னரே அதன் உலோக மதிப்பைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 1903ஆம் ஆண்டு டாலர் 26.95 கிராம் எடையும் 90 விழுக்காடு வெள்ளியும் கொண்டது. 1907இல் எடை 20.2 கிராமாகக் குறைந்தது; 1919ஆம் ஆண்டு நாணயத்திலோ பாதிதான் வெள்ளி. ஆகவே, நாணயத்தைத் தராசில் வைத்துக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள்; போலி என்றால் பல வேளைகளில் அங்கேயே தெரிந்துவிடும். பளபளப்பாகத் தேய்த்துத் துலக்கிய நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் விரும்புவதில்லை என்பதால், அந்தப் பளபளப்பையே விலைக்குறைப்புக்குக் காரணமாகச் சொல்லலாம்.

கடைக்காரரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரில் அடகு வட்டி மாதத்திற்கு 1.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மீட்பதற்குக் குறைந்தது ஆறு மாதம் தரவேண்டும். அடகு வைத்தவர் மீட்காமல் விட்ட பொருளானால், கொடுத்த கடனும் வராமற்போன அந்த வட்டியும் சேர்ந்த தொகைக்குக் கீழே அவர் எளிதில் இறங்கமாட்டார்.

தங்கச் சவரன் நாணயத்தில் பேரத்திற்கு இடம் குறைவு, ஏனெனில் அன்றைய தங்க விலை இருவருக்கும் தெரியும். கெரோசாங் போன்றவற்றிலோ வேலைப்பாட்டுக்கென ஏற்றிய தொகையைத்தான் குறைக்க முடியும். கல் உதிர்ந்த இடத்தையும் பற்றவைத்த தடத்தையும் சுட்டிக்காட்டிய பின், உங்கள் தொகையை ஒரே முறை சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். உடன்பாடு ஏற்பட்டால், எடையும் உலோகத் தரமும் குறிப்பிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.