புரோக்கர் இல்லாமல் வீடு வாங்க: அவிநாசிப் பக்கம் நாங்கள் செய்தது

எங்க வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். பதினோரு வருஷ வாடகைக்குப் பிறகு, 2024 தை மாதம் அவிநாசிக்கும் சேவூருக்கும் நடுவே மூணேகால் சென்ட் இடத்தில் ஓட்டு வீடு ஒன்றை 38 லட்சத்துக்குக் கிரயம் முடித்தோம். நடுவில் புரோக்கர் கிடையாது. கம்பெனியில் யார் வீடு பார்க்கப் போனாலும் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் பார்த்த நாலு வீடும் புரோக்கர் காட்டியவைதான். எங்களிடம் கேட்ட கமிஷன் 2 சதவீதம். காசு கூடப் பரவாயில்லை, வீட்டை விற்பவரோடு ஒரு வார்த்தை பேச விட மாட்டார். "எல்லாம் நான் பேசிக்கறனுங்க, நீங்க வண்டியில ஏறுங்க" என்பார். அந்தப் பேச்சில்தான் வீட்டின் முழு ஜாதகமும் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நேரடியாக விற்பவரைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருத் தெருவாக நடப்பதுதான் வழி. சுவரில் 'விற்பனைக்கு' என்று இருக்கும் நம்பர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நம்பர் மூணு சுவரில் இருந்தால் அது புரோக்கர். மளிகைக் கடையிலும் பால் சொசைட்டியிலும் சொல்லி வையுங்கள். எங்களுக்குச் சொன்னது மாவு மில்காரர்.

விற்றவர் அறுபது தாண்டியவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். முதல் நாள் விலையே பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தோம். கை கழுவுகிற சாக்கில் போர் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பார்த்தேன், நுரையே வரவில்லை. உப்புத் தண்ணி. இந்தப் பக்கத்தில் அதை எதிர்பார்த்துத்தான் போக வேண்டும், ஆனால் விலை பேசும்போது கையில் இருக்க வேண்டிய சங்கதி.

ரெண்டாவது தடவை போனபோது அண்ணாவின் சம்சாரம், அந்த அக்கா, நிலக்கடலை வறுத்துக்கொண்டே சொன்னார்: "பெரிய நாத்தனா தாராபுரத்துல இருக்கறாங்க, போக்குவரத்து இல்லீங்க." எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள்தான் வில்லங்கம், அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றின் பட்டியல், போட்டுப் பார்த்திருந்தேன்.

வில்லங்கம் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் காசு கட்டாமலே பார்க்கலாம். மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் போதும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் இருக்கிறது. உட்பிரிவு ஆவதற்கு முன் இருந்த எண்ணையும் போட்டுப் பாருங்கள். புது எண்ணில் சுத்தமாக இருப்பது பழைய எண்ணில் அடமானத்தோடு நிற்கலாம். கடன் அடைத்திருந்தால் அதற்கான ரசீது ஆவணமும் வில்லங்கத்தில் ஏறியிருக்க வேண்டும். "அடைச்சாச்சுங்க" என்று வாயால் சொல்வது கணக்கில் வராது.

எங்கள் வில்லங்கத்தில் ரெண்டே வரி. 1984இல் அண்ணாவின் அப்பா வாங்கிய கிரயம் ஒன்று. சின்ன தங்கச்சி தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணாவுக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் ஒன்று. அக்கா சொன்ன தாராபுரத்துக்காரர் எங்கேயும் இல்லை.

"அவளைக் கட்டிக் குடுக்கறப்பவே நகை, சீரெல்லாம் செஞ்சாச்சு. பட்டா எம்பேர்லதான இருக்குது?" என்றார் அண்ணா. இந்தப் பக்கம் பாதிப் பேர் நினைப்பது இதுதான். பட்டாவை மட்டும் வைத்து இடம் முழுக்க அவருடையது என்று சொல்ல முடியாது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. இங்கே அம்மாவும் காலமாகிவிட்டதால் மூணு பிள்ளைகள். கல்யாணம் ஆனதும் நகை போட்டதும் பங்கைக் கரைக்காது. தாத்தா வழியில் வந்த பூர்வீகச் சொத்து என்றாலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்குப் பங்கு உண்டு. வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'கையெழுத்து எங்கே' என்று எழுதிப் பார்க்க வேண்டும். மூணாவது பெயருக்கு எதிரே எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

அந்தத் தாராபுரத்து அம்மாவை நானே போனில் பிடித்தேன். "பங்கெல்லாம் வேண்டாம் கண்ணு. ஆறு வருசமாச்சு, தீபாவளிக்கு ஒரு சீலை எடுத்துட்டு வந்து எட்டிப் பாத்தானா? அவனே வந்து கேக்கட்டும்." இதை அண்ணாவிடம் சொல்ல எனக்குத்தான் தர்மசங்கடம். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒரு புதன்கிழமை சீர்த்தட்டோடு தாராபுரம் பஸ் ஏறினார். தாராபுரத்துத் தங்கச்சி தனியாக விடுதலைப் பத்திரம் எழுதவில்லை. கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களில் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார். செலவும் மிச்சம், எனக்கும் அதுதான் பலம்.

பத்திரத்தில் இருப்பதைத் தரையில் ஒத்துப் பாருங்கள். செக்குபந்தியில் (எல்லையும் அளவும் எழுதியிருக்கும் பகுதி) கிழமேல் 43 அடி, தென்வடல் 33 அடி என்று இருந்தது. அதாவது 1,419 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, கணக்கு மூணேகாலுக்குச் சரியாக வந்தது. பட்டாவில் 1.32 ஏர் என்று இருக்கும், பயப்படாதீர்கள், 2.47ஆல் பெருக்கினால் சென்ட். டேப்பை நானும் பையனும் பிடித்தோம். வீட்டு அளவு சரி. தென்புறம் '12 அடி அகல மாமூல் தடம்' (வழக்கமாகப் போய்வரும் பாதை) என்பது மட்டும் ஓரிடத்தில் ஒன்பதரை அடிதான். பக்கத்து வீட்டுக்காரர் துவைக்கிற கல்லைத் தடத்தில் போட்டிருந்தார். எங்களுக்குக் கார் இல்லை, ஆனால் செப்டிக் டேங்க் லாரி வந்தாக வேண்டுமே. அண்ணாவை வைத்தே பேசி, கிரயத்துக்கு முன்பே கல்லை எடுக்க வைத்தோம். குடி வந்த பிறகு கேட்டிருந்தால் முதல் நாளே சண்டை.

விலை 42இல் ஆரம்பித்தார், நாங்கள் 35. உப்புத் தண்ணி, ஓடு மாற்றும் செலவு இரண்டையும் நான் சொன்னேன். தண்ணிக்கு ஒத்துக்கொண்டார், ஓட்டுக்குக் கோபித்துக்கொண்டார். "அப்பாரு காலத்து ஓடுங்க அது!" மூணு சாயங்காலம் ஆனது. நடுவில் ஒரு யோசனை சொன்னார்: அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குப் பதிவு செய்துவிட்டு மீதியைக் கையில் கொடுங்கள் என்று. பணிவாக மறுத்துவிட்டோம். நிலம், வீடு விஷயத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் பணத்தை வாங்கும் விற்பவருக்கே அபராதம். தவிர, நாளைக்கு நாங்கள் விற்கும்போது குறைத்துக் காட்டிய தொகை எங்கள் லாபமாக நின்று வரி கேட்கும்.

அட்வான்ஸ் 2 லட்சம் பேங்க் வழியாகக் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டோம். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அதையும் பதிவு செய்தாக வேண்டும், வெறும் பத்திரத்தாளில் எழுதி மடித்து வைக்கக் கூடாது. இதற்கு முன் ஒரு வக்கீலிடம் தாய்ப்பத்திரம் (இடத்தின் பழைய மூலப் பத்திரம்) முதல் எல்லாவற்றையும் கொடுத்துக் கருத்து வாங்கினோம், 6,000 ரூபாய். புரோக்கர் இல்லை என்பதற்காக வக்கீலையும் விட்டுவிடாதீர்கள். விற்பவர் உரிமையாளருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் பவர் ஏஜென்ட் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அவர் இறந்தால் சாதாரணமாகப் பவரும் போய்விடும். காலி மனை என்றால் அங்கீகாரம் உண்டா, கோயில் நிலமா என்றும் பார்க்க வேண்டும்.

பதிவுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 38 லட்சத்துக்கு 3,42,000 ரூபாய். இதில் பதிவுக் கட்டணம் மட்டும் 76,000, புரோக்கர் கேட்ட கமிஷனும் சொல்லி வைத்தாற்போல் அதே தொகை. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் பிடித்து வருமான வரிக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும்.

பதிவு அலுவலகத்துக்கான டோக்கனை முன்கூட்டியே போடுங்கள், தை மாத முகூர்த்த நாளில் கிடைப்பது கஷ்டம். அசல் பத்திரங்களை எண்ணி வாங்கிக்கொண்டுதான் டிடியை நீட்டினேன். சாட்சிக் கையெழுத்தில் ஒன்றை தாராபுரத்து அம்மாவின் மகன் போட்டார்.

பட்டா மாறுதலுக்கு பதிவின்போதே விண்ணப்பம் போய்விடும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால்தான் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். வீட்டு வரியும் எங்கள் பெயருக்கு வந்துவிட்டது. ஈபி மட்டும் பாக்கி. பில் இன்னும் அண்ணா பெயரில்தான் வருகிறது, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கட்டிவிட்டு அவருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன்.