மீன்பிடித் தடைக்காலத்தில் லினக்ஸ் போடுகிறவர்களுக்கு

பாம்பனில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மனு தட்டச்சு, ரயில் டிக்கெட், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், இவைதான் பிழைப்பு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததும், தீவில் பரண் மேல் கிடந்த மடிக்கணினிகள் எல்லாம் என் மேசைக்கு வரத் தொடங்கின. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ்; அதில் பல வகை உண்டு. "எந்த லினக்ஸ் நல்லது அக்கா?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: ராத்திரி ஒன்பது மணிக்குத் திரை கறுத்துப்போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

அந்த ஆள் எதை வைத்திருக்கிறாரோ அதையே போடுங்கள். அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று வாரம் காணொளிகளைப் பார்த்துக் குழம்பிப்போய் வந்தார். அவருடைய மகள் மதுரையில் வேலையிடத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்துகிறாள். விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

அப்படி ஆள் இல்லாதவர்கள் முதலில் தங்கள் வேலையைப் பாருங்கள். ஐஸ் கம்பெனியில் டேலியில் கணக்கு எழுதுகிறவருக்கு விண்டோஸே இருக்கட்டும், அந்த மென்பொருள் விண்டோஸுக்கானது. அவரிடம் நான் லினக்ஸ் பேச்சையே எடுப்பதில்லை. உலாவி, கடிதம், படம் பார்ப்பது, இவ்வளவுதான் என்றால் தாராளமாக மாறலாம்.

லினக்ஸ் வகைகளின் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். டெபியன் 1993இல் தொடங்கியது. அதிலிருந்து 2004இல் உபுண்டு வந்தது. உபுண்டுவின் மேல் 2006இல் மின்ட் எழுந்தது. பாட்டி, மகள், பேத்தி. அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் இருந்த, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதே வீட்டுப் பிள்ளைதான். ஒன்றில் கற்ற கை மற்றதிலும் ஓடும். ஃபெடோரா வேறு வீடு. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம்தான் ஆதரவு. ஆண்டுதோறும் வீடு மாறச் சலிக்காதவர்களுக்கு அது சரி.

என் தேர்வு மின்ட். அதில் திரைமுகப்பைத் தேர்ந்தெடுக்கலாம்: 4 ஜிபி நினைவகம் இருந்தால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ, 8 ஜிபி என்றால் சின்னமன். 32 பிட் பழங்கணினி என்றால் டெபியன் 12ஐத் தேடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த 13இல் அதற்கான நிறுவி இல்லை. சொல்லப்போனால், அந்த வயதுக் கணினிக்கு உழைப்பதைவிடப் பழைய நல்ல மடிக்கணினி ஒன்றை வாங்குவது மேல். உப்புக் காற்றில் அந்தப் பழங்கணினியின் யூஎஸ்பி துளைகள் ஏற்கெனவே பச்சை பூத்திருக்கும்.

முக்கியமான வேலை இனிமேல்தான். கணினியில் எதையும் அழிக்காமல் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். பதிவிறக்கம் ஏறக்குறைய 3 ஜிபி, ஆகவே நாளுக்கு 1.5 ஜிபி கிடைக்கிற போனை நம்பாதீர்கள். ஓட ஆரம்பித்ததும் வைஃபை தெரிகிறதா என்று பாருங்கள். சில பழைய பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கு இயக்கியை (டிரைவர்) தனியாக நிறுவ வேண்டும்; அதுவரை போனைக் கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுங்கள். பிறகு ஒலி, அச்சுப்பொறி. மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் இதை மறந்துவிட்டு மறுவாரம் ஓடி வருகிறார்கள்.

அடுத்து தமிழ். தமிழில் அடிக்க உதவும் ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவி, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, கடிதம் எழுதும் லிப்ரே ஆபிஸில் "தங்கச்சிமடம்" என்று அடிக்கிறேன். தமிழ்99 முறையில் 'ங்க'வுக்கும் 'ச்சி'க்கும் புள்ளி தானாக விழ வேண்டும். கடைசி 'ம்'முக்கு மட்டும் நாம் வைப்போம். இந்த ஓர் ஊர்ப்பெயர் சரியாக வந்தால் மற்ற மனுக்களும் வந்துவிடும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் கடிதம் முழுதும் கிறுக்கலாகத் தெரியும்.

எப்போது மாற்றுவது? எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி வண்ணம் பூசுகிற நேரம். மீன் கம்பெனிக் கணினிகளும் அப்போது சும்மா இருக்கும், அவற்றுக்கும் அதுவே நாள். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரட்டைப்படை ஆண்டுகளில் ஏப்ரலில்தான் வருகிறது. ஆனால் புதிதாக இறங்கியதை அந்த ஏப்ரலிலேயே நான் போட மாட்டேன். அடுத்த தடைக்காலம் வரை பொறுப்பேன். பழைய பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆதரவு இருக்கிறது, அவசரம் இல்லை.

ஒருமுறை பொறுமை இழந்து, நாள்தோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் வகை ஒன்றைக் கடைக் கணினியில் போட்டேன். அண்ணன் மகன் ஆசைப்பட்டான். நன்றாகத்தான் ஓடியது. பிளஸ் டூ முடிவு வந்த காலை புதுப்பித்தேன், அச்சுப்பொறி படுத்துவிட்டது. மதிப்பெண் பட்டியலுக்காக வாசலில் பதினைந்து பிள்ளைகள் நிற்கிறார்கள். மண்டபம் ஊரிலிருந்து இரவல் மடிக்கணினி வரும்வரை பக்கத்துக் கடைக்குத்தான் எல்லோரையும் அனுப்பினேன். அவன் இன்றும் அதையே வைத்திருக்கிறான், தன் சொந்தக் கணினியில்.